அக்கா பிடித்திருந்த கயிறு

என் வீட்டுக் கொல்லையில், துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு நங்கூரம் கிடக்கிறது. இடுப்பளவு உயரம், இரண்டு கைகள், மேலே ஒரு வளையம், வளையத்தில் கொஞ்சம் சங்கிலி. கைகளில் ஒன்று நேராக இல்லை. யாரோ பிடித்து முறுக்கியதுபோல வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது. எங்கள் தெருவுக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சிதம்பரத்தில் தேரைப் பார்க்கலாம், நெல் மூட்டையைப் பார்க்கலாம், நங்கூரத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. தேங்காய் பறிக்கக் கீரப்பாளையத்திலிருந்து வருகிறவர் முதல் தடவை அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "என்னா சார் இது, ஏர்க்கலப்பை மாதிரி இருக்குது, ரெண்டு கொழு வச்சிருக்குதே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு நாள் காலையில் அது உழுதது உண்மைதான். எங்கே உழுதது, அந்த உழவால் யார் பிழைத்தார் என்பதெல்லாம் மரத்தடியில் நின்று சொல்லக்கூடிய கதை இல்லை. "ஆமா, ரொம்பப் பழசு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அது மாமாவின் நங்கூரம். மாமா என்றால் என் அக்காவின் கணவர். பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுக் கப்பற்படையில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அப்படித் திரும்பியவர்களை அந்தப் பக்கத்தில் சொல்தா என்பார்கள். சொல்தாக்கள் வழக்கமாக மாடி வைத்து வீடு கட்டுவார்கள், சாயங்காலத்தில் இரும்புக் குண்டு உருட்டி விளையாடுவார்கள், பட்டாளத்துக் கதையைக் கேட்க ஆள் கிடைக்காதா என்று பார்ப்பார்கள். மாமா இதில் எதையும் செய்யவில்லை. கடலூரின் பழைய ஊர்ப் பகுதியான ஓ.டி.யில் ஒரு வாடகை வீடு பிடித்து, கப்பலில் தன்னோடு வந்த பெரிய மரப்பெட்டியை அதில் இறக்கினார். முதுகில் மாட்டிக்கொள்ளும் காற்று உருளைகள், வாயில் கவ்வும் ரப்பர் குழாய், முகத்துக்கு ஒரு கண்ணாடி, வாத்துக்கால் மாதிரி ஒரு ஜோடி ரப்பர் காலணி, உருளையில் காற்று அடைப்பதற்கு ஒரு சின்ன இயந்திரம், இவ்வளவும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. இயந்திரம் ஓட ஆரம்பித்தால் தெருவில் வரிசையாகக் கதவைச் சாத்துவார்கள்.

அறுபதுகளில் எங்கள் மாவட்டத்தில் கடலுக்கு அடியில் மூச்சு விட்டுக்கொண்டு உலாவிய ஆள் அவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். "என்னா எடுக்கப் போறீங்க, முத்தா, சங்கா?" என்று கேட்காதவர்கள் இல்லை. "ஒண்ணும் எடுக்கல. பாத்துட்டு வருவேன்" என்பார் மாமா. பார்ப்பதற்காகவா ஒரு மனுஷன் இவ்வளவு கஷ்டப்படுவான் என்று ஒருவரும் நம்பவில்லை. முழுகிப்போன கப்பல் ஒன்றில் இருந்து அவர் தங்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவருகிறார் என்று ஓ.டி.யில் ஒரு பேச்சு இருந்தது. அந்தத் தங்கம் இருந்திருந்தால் அக்கா ஏன் ஒரே சேலையைத் துவைத்துத் துவைத்துக் கட்டப்போகிறாள்? ஆனால் வதந்திக்கு யார் வாயைக் கட்டுவது?

அக்கா சிதம்பரத்தில் பிறந்து வளர்ந்தவள். மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரையில் கால் நனைத்ததுதான் கடலோடு அவளுக்கு இருந்த உறவு. நீச்சல் தெரியாது. குளத்தில்கூட மேல்படியில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்கிறவள். கல்யாணமான புதிதில் மாமா முழுகப் போகும் நாட்களில் பரங்கிப்பேட்டைக் கரையில் ஒரு படகு நிழலில் உட்கார்ந்து, அவர் திரும்பும்வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பாளாம். ஒரு நாள் திடீரென்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படகில் ஏறிவிட்டாள். கேட்டதற்கு, "கரையில உக்காந்து பயப்படறதுக்குப் படகுல உக்காந்தே பயப்படறேன்" என்றாள். அதற்குப் பிறகு அவள் இல்லாமல் படகு போனதில்லை. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையின் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்றாவது ஆளாகச் சேர்ந்துகொள்வேன். எனக்குக் கொஞ்சம் நீந்தவும் மோட்டாரைக் கிளப்பவும் தெரியும். அதனால் படகில் நான்தான் முக்கியமான ஆள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படகு சின்னது. மரப்படகு, பின்னால் மாட்டுகிற மோட்டார். வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் அது கட்டிக்கிடக்கும்; அங்கே ஒரு வள்ளத்துக்குச் சொந்தக்காரரான பெரியவர் ஒருவர் வாரம் முழுக்க அதைத் தன் படகுபோல் பார்த்துக்கொள்வார். நாங்கள் ஓ.டி.யில் விடியற்காலைப் பாசஞ்சரில் மூட்டை முடிச்சுகளோடு ஏறிப் பரங்கிப்பேட்டையில் இறங்குவோம். முகத்துவாரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், கரையில் சவுக்குத் தோப்பும் அதன் ஓரத்தில் தனியாக ஒரு ஒற்றைப் பனையும் தெரியும். இன்னும் போகப்போகக் கரை தாழ்ந்துகொண்டே வர, அதற்கு மேலே, வெகு தூரத்தில், ஒரு நெல்மணி அளவுக்குக் கறுப்பாக ஒன்று எழும்பும். அது எங்கள் ஊர்க் கோபுரம்.

முதல் முறை அதைக் கண்டபோது நான் மோட்டாரை நிறுத்திவிட்டேன். பிறந்ததிலிருந்து அதன் காலடியில் நடமாடியவன், அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தவன். அதையே கடலுக்குள் நின்றுகொண்டு நெல்மணியாகப் பார்க்கும்போது, நாம் எவ்வளவு சின்ன இடத்தில் என்னென்ன சண்டையெல்லாம் போடுகிறோம் என்று தோன்றியது. கடல் பெரியது என்பதைக் கடலைப் பார்த்து நான் தெரிந்துகொள்ளவில்லை, கோபுரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்பார்கள். அக்கா அதைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்வாள், பிறகு அதைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். மாமா கீழே இருக்கும் நேரம் முழுக்க அவள் அதையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். பாவம், சாமியைத்தான் வேண்டிக்கொள்கிறாள் என்று நான் நினைத்தேன்.

மாமா தேடிப்போவது கடலுக்கு அடியில் இருக்கும் ஒரு பாறை மேடு. மீன்பிடிக்கிறவர்கள் அதைப் பார் என்பார்கள். எட்டுப் பாக ஆழம். பாகம் என்றால் ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்த நீளம். பாரின் மேலேயே நங்கூரம் போட்டால் சுலபம் என்று நான் ஒரு தரம் சொல்லிவிட்டேன். மாமா என்னைப் பார்த்த பார்வையில், அவர் வீட்டுக் கூரைமேல் நான் கல்லெறிந்ததுபோல ஆகிவிட்டது. பாறையில் நங்கூரம் சிக்கி வராமல் போகும், அல்லது பிடிக்காமல் வழுக்கும். பாறைமேல் வளர்ந்திருக்கிறவற்றையும் உடைக்கும். ஆகவே நீரோட்டம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் பாரைத் தாண்டிப் போய், மணலில்தான் போடவேண்டும். மாசி, பங்குனியில் தண்ணீர் தெளிந்திருக்கும், ஓட்டம் தெற்கிலிருந்து வடக்கே போகும். நாங்கள் பாரின் தெற்குப் பக்கம் போவோம். மாமா ஒரு ஈயக்குண்டின் அடியில் துணி சோப்பைத் தேய்த்துக் கயிற்றில் இறக்குவார். மேலே வரும்போது சோப்பில் மணல் ஒட்டியிருந்தால் சரி. ஒன்றும் ஒட்டாமல் வந்தால் கீழே பாறை. தள்ளிப்போய் மறுபடி இறக்குவார்.

நங்கூரத்தை அவர் ஒரு நாளும் வீசியதில்லை. தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோலத்தான் இறக்குவார். அது தரையைத் தொட்டதும் படகை ஓட்டத்தின் போக்கில் பின்னால் போகவிட்டு, கயிற்றை விட்டுக்கொண்டே இருப்பார். ஆழம் எவ்வளவோ அதைப்போல ஐந்து மடங்கு. "கயித்துல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாத மச்சான். கயிறு நீளமா இருந்தாதான் அது படுத்து இழுக்கும், படுத்து இழுத்தாதான் கை மண்ணுல ஏறும்" என்பார். பிறகு கயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். கயிறு விம்மி அடங்கினால் நங்கூரம் பிடித்திருக்கிறது. குளிரில் பல் தந்தியடிப்பதுபோல விட்டுவிட்டு நடுங்கினால் கீழே தரையைச் சுரண்டிக்கொண்டு போகிறது. படகின் பின்பக்கம் ஒரு நீளக் கயிற்றை மிதக்கவிட்டு, அதன் நுனியில் மூடிய காலி டின் ஒன்றைக் கட்டிவிடுவார். எங்கேயாவது தள்ளி மேலே வந்தால் பிடித்துக்கொள்வதற்கு. இவ்வளவும் முடிந்த பிறகுதான் உருளையை முதுகில் மாட்டுவார். கீழே போனதும் அவருக்கு முதல் வேலை நங்கூரம் மண்ணில் ஏறியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்ப்பது. திரும்பி வருவதும் அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான். பாதி தூரம் மேலே ஏறியதும் கயிற்றை மூன்று தரம் வெட்டி இழுப்பார். அக்கா எப்போதும் படகின் முன்பக்கத்தில், கயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அந்த மூன்று இழுப்புக்காக.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் எல்லாம் முறைப்படிதான் நடந்தது. கடல் தட்டில் வைத்த எண்ணெய்போல் அசையாமல் இருந்தது. மாமா பின்பக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் விழுவதற்கு முன்னால், எப்போதும் சொல்கிற ஒரே வாக்கியத்தை அக்காவிடம் சொன்னார். "மேல என்னா நடந்தாலும் சரி, நங்கூரத்த மட்டும் தூக்காத." அக்கா தலையாட்டினாள். அவர் விட்ட மூச்சு கொப்புளங்களாக மேலே வந்து, தெற்கே பாருக்கு அப்பால் நங்கூரம் இருக்கும் திசையில் நகர்ந்து, பிறகு கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் ஒரு வள்ளம் வந்தது. எங்கள் படகைப் பார்த்துக்கொள்கிற பெரியவரும் இன்னும் மூன்று பேரும், இரவு போட்ட வலையை எடுத்துக்கொண்டு கரை திரும்புகிறார்கள். அந்தக் கடற்கரையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு படகு நங்கூரம் பாய்ச்சி நின்று, பின்னால் ஒரு கயிற்றையும் மிதக்கவிட்டிருந்தால், வருகிறவர்கள் அதில் தங்கள் படகைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் இளைப்பாறலாம் என்று அர்த்தம். கிணற்றடியில் வாளியும் கயிறும் வைத்துவிட்டுப் போவதுபோல. பெரியவர் எங்கள் டின்னைப் பிடித்துத் தூக்கினார், கயிற்றைத் தன் வள்ளத்தின் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினார், "தண்ணி இருக்குதா தங்கச்சி, தொண்ட காயுது" என்றார். அக்கா கூஜாவைக் கொடுத்தாள். அவர்கள் பதிலுக்கு ஒரு கூடை நிறைய மத்தி கொடுத்தார்கள். வாரம் முழுக்க நம் படகைக் காப்பாற்றுகிறவரிடம், கயிற்றை அவிழுங்கள் என்று எப்படிச் சொல்வது? எனக்கு அது சொல்லவேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. மாமா எங்கே என்று கேட்டார்கள். நான் கீழே கையைக் காட்டினேன். அவர்கள் படகின் விளிம்பில் குனிந்து, கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

தென்கிழக்கிலிருந்து காற்று எழுந்தது அப்போதுதான். முதலில் தண்ணீரின்மேல் சிலிர்ப்பாக வந்தது, பிறகு சின்னச் சின்ன அலைகளாக வந்தது. மீன் பாரத்தோடு இருந்த வள்ளம் பின்னாலிருந்து ஒவ்வொரு அலைக்கும் எங்களை வெட்டி வெட்டி இழுத்தது. நான் பெரியவரோடு சர்க்கரை ஆலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அக்கா என் பேச்சை வெட்டி, சாதாரணக் குரலில், "கோபுரம் பனைய உட்டுப் போயிடுச்சி" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். கோபுரம் பனையின் தலைக்கு நேராக இருக்கிற மாதிரிப் பார்த்துத்தான் மாமா நங்கூரம் போடுவாராம். படகு கயிற்றில் ஆடும்போது கோபுரம் கொஞ்சம் இப்படியும் அப்படியும் விலகும், ஆனால் திரும்பிப் பனைக்கு வந்துவிடும். "ஆடுனா போயிட்டு வரும். இழுத்துக்கிட்டுப் போனா வராதுன்னு சொல்லியிருக்காங்க. வலப்பக்கம் போனது திரும்பி வரல தம்பி." அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளாக அவள் சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்திருந்தேனே, அவள் கும்பிட்டுக்கொண்டே படகைக் காவல் காத்திருக்கிறாள். நான் போய்க் கயிற்றில் கை வைத்தேன். பல் தந்தியடிப்பதுபோல நடுங்கியது.

அக்கா பின்பக்கம் திரும்பி, "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க, கயித்த அவுத்துடுங்க. கீழ அவுங்க இருக்காங்க" என்றாள். பெரியவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. உடனே சுற்றை அவிழ்த்துவிட்டார். நான் மிச்சமிருந்த கயிற்றையெல்லாம் விட்டேன். அப்படியும் நங்கூரம் நிற்கவில்லை. ஒரு தடவை பிடி விட்டதும் காற்றும் ஓட்டமும் சேர்ந்து எங்களை வடக்கே தள்ளிக்கொண்டே போயின. பனைக்கும் கோபுரத்துக்கும் நடுவே வானம் அகன்றுகொண்டே போவதைப் பார்த்தபடி நான் ஒன்றும் செய்யத் தெரியாமல் நின்றேன். பிறகு படகு ஒரு பெரிய வெட்டு வெட்டி நின்றது. அக்கா முன்னால் சரிந்து முழங்கையில் அடிபட்டாள். கீழே எங்கேயோ, பாரின் ஒரு முனையில், நங்கூரம் போய் மாட்டிக்கொண்டிருந்தது.

வள்ளம் துடுப்புப் போட்டு எங்கள் பக்கத்தில் வந்தது. பெரியவர் பதறினார். "ரொம்பத் தூரம் வந்துட்டோம் தங்கச்சி. கல்லத் தூக்குங்க, மிசினப் போடுங்க, பழைய எடத்துக்கே போயிடுவோம். ஆளு அங்கதான் இருப்பாரு." கல் என்றால் அவர்களுக்கு நங்கூரம். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆளை விட்ட இடத்தில்தானே போய்த் தேடவேண்டும்? கடலில் பிறந்து கடலில் நரைத்தவர் சொல்கிறார். நானும் அதைத்தான் நினைத்தேன். மோட்டாரின் கயிற்றில் கையை வைத்தேன்.

"டேய், கைய எடு" என்றாள் அக்கா.

என்னை அவள் டேய் என்று கூப்பிட்டதே இல்லை. அவள் படகின் முன்பக்கத்தில், நங்கூரக் கயிறு கட்டியிருந்த கட்டையைக் கால்களுக்கு நடுவில் வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்திருந்தாள். அதைத் தூக்குவதென்றால் முதலில் அவளைத் தூக்கவேண்டும். "தூக்காதன்னு சொன்னாங்க. தூக்கமாட்டேன்."

"அவரு சொன்னது நங்கூரம் எடத்துல இருக்கும்போது அக்கா" என்றேன். "இப்ப அவரு ஒரு எடத்துல, நாம ஒரு எடத்துல இருக்கோம்."

"என்னா நடந்தாலும்னாங்க. இதுவும் நடந்ததுதானே." பிறகு கொஞ்சம் மூச்சு விட்டு, தனக்குத்தானே கணக்குப் போடுகிறவள்போலச் சொன்னாள். "அவுங்க கீழ இருந்துகிட்டு நம்மளத் தேடமாட்டாங்க. இதத்தான் தேடுவாங்க. இது எங்க இருக்குதோ அங்கதான் வருவாங்க. நீ தூக்கிட்டா, அவுங்க வந்து பாக்கறப்ப அங்க என்னா இருக்கும்?"

பெரியவர் துடுப்பைக் கீழே வைத்தார். அவர்கள் கடலில் நங்கூரம் என்பது படகுக்கானது, மேலே இருக்கிறவர்களுக்கானது. கீழே ஒரு மனுஷன் இருந்து அதைத் தேடுவான் என்று அவர்கள் நினைத்துப் பார்க்கவேண்டிய தேவை ஒரு நாளும் வந்ததில்லை. எனக்கும் அது அதுவரை உறைக்கவில்லை. ஆனாலும் அக்கா சொல்வது சரியா தப்பா என்று எங்களில் யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. தப்பாக இருந்தால், அவள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடியே தன் புருஷனைச் சாகக் கொடுக்கிறாள். காற்று தீர்ந்துகொண்டிருக்கும் நேரம் அது. ஒரு உருளையில் எவ்வளவு நேரம் மூச்சு விடலாம் என்பது எனக்கும் அக்காவுக்கும் தெரியும், அந்த நேரம் நெருங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நாங்கள் காத்திருந்ததை எப்படி எழுதுவது? அலையில் ஒரு கொப்புளம்கூடக் கண்ணுக்கு அகப்படவில்லை. நான் தண்ணீரையே பார்த்தேன். வள்ளத்தில் இருந்தவர்கள் நாலா பக்கமும் பார்த்தார்கள், ஒருவர் பாய்மரக் கம்பத்தைப் பிடித்து ஏறிப் பார்த்தார். அக்கா மட்டும் எதையும் பார்க்கவில்லை. கோபுரத்தைக்கூடப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கயிற்றைப் பிடித்த கைகளில் தன் உயிர் முழுவதையும் கொண்டுபோய் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் உதடு அசையவில்லை. வியர்வையா அலைத்தண்ணீரா தெரியவில்லை, முகமெல்லாம் நனைந்திருந்தது. மேல்படியில் உட்கார்ந்து சொம்பால் குளிக்கிற என் அக்கா, ஐந்து ஆம்பிளைகள் நடுக்கடலில் நின்று கெஞ்சுவதைக் காதில் வாங்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோயிலில் தீபாராதனையின்போது எல்லோருக்கும் வரும் என்பார்களே, எனக்கு அங்கே வந்ததில்லை. கடலில்தான் வந்தது.

திடீரென்று அவள் கண்ணைத் திறந்தாள். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, கயிறு முன்போலவேதான் இருந்தது. "ஒண்ணு" என்றாள். பிறகு "ரெண்டு" என்றாள். மூன்றாவதைச் சொல்ல அவளுக்குக் குரல் எழும்பவில்லை.

மாமா கயிற்றோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்தார். கண்ணாடியைக் கழற்றினார், வாயிலிருந்த குழாயைத் துப்பினார், கரையைத் திரும்பிப் பார்த்தார். பனை ஒரு பக்கம் நிற்க, கோபுரம் எங்கேயோ தள்ளி நின்றது. "அம்மாடி, இவ்ளோ தூரமா?" என்றார். பிறகு விளிம்பைப் பிடித்துத் தொங்கியபடி அக்காவைப் பார்த்து, "தூக்கலியே" என்றார். கேள்வி இல்லை அது. அக்கா கயிற்றை விட்டுவிட்டு முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அவளை அழவிட்டு வள்ளத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கீழே நடந்ததை மாமா பிறகு சொன்னார். பாரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நங்கூரம் கிடந்த இடத்துக்குத் திரும்பியிருக்கிறார். நங்கூரம் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு குழியும், குழியிலிருந்து வடக்கே ஒரு கோடும் மட்டும் இருந்தன. வயலில் ஏர் போன சால்மாதிரி, மணல் இரண்டு பக்கமும் ஒதுங்கி, நேராக, கண்ணுக்கு எட்டியவரை. "அந்த மாதிரி ஒண்ண நான் எந்தக் கடல்லயும் பாத்ததில்ல மச்சான். வெயில் மேலேர்ந்து எறங்கி அது மேல ஆடுது. சாலுக்குள்ள புரண்டு வந்த பூச்சிய தின்ன மீனுங்க வரிசையா நிக்குது, நம்மூர்ல ஏர் பின்னால கொக்கு போவுமே, அதே மாதிரி." உடனே மேலே வந்திருக்கலாமே என்று கேட்டேன். அலையில் தன் தலை ஒரு தேங்காய் அளவுதான் தெரியும், ஓட்டம் வடக்கே அடித்துக்கொண்டு போய்விடும், படகு தன்னைத் தேடிப் பழைய இடத்துக்குப் போயிருந்தால் அதற்கும் தனக்கும் நடுவில் தூரம் கூடிக்கொண்டே போகும் என்றார். சால் போகும் திசையிலேயே ஓட்டமும் போயிற்று. அதன் மேலேயே போனார். நடுவில் பாறை வந்து சால் காணாமல் போயிருக்கிறது. பாறையைத் தாண்டித் தேடினால் மறுபடி தொடங்கியிருக்கிறது. மூச்சு இழுக்கக் கஷ்டமாக ஆரம்பித்த நேரத்தில் சாலின் முடிவு வந்தது.

"முடியற எடத்துல அது இருக்குமான்னு பயமா இல்லியா மாமா?" என்று கேட்டேன். மாமா அக்காவைப் பார்க்காமல், "அது இருக்கும்னு தெரியும். கயித்து மேல் மொனையில யாரு உக்காந்திருக்கான்னு தெரியும்ல" என்றார். அக்கா அப்போது மத்தி மீனைக் கூடைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

நங்கூரத்தைப் பாறையிலிருந்து விடுவிக்க அன்று பெரும்பாடு பட்டோம். மேலே வந்தபோது அதன் ஒரு கை வளைந்திருந்தது. பெரியவர் பட்டறையில் கொடுத்து நிமிர்த்தித் தருகிறேன் என்று மன்றாடினார்; கயிற்றைக் கட்டியது தான்தானே என்று அவருக்கு மனசே ஆறவில்லை. மாமா அவர் தோளில் தட்டி, "கயித்த மெதக்கவுட்டது நான்தானே, உங்களுக்கு எப்டித் தெரியும்" என்றார். அடுத்த வாரமே டின்னுக்குச் சிவப்புச் சாயம் அடித்தார். சிவப்பு டின்னைத் தொடக்கூடாது என்று பெரியவர் கரையில் எல்லோருக்கும் சொல்லிவைத்தார். நாங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி வள்ளங்கள் தங்கள் கல்லைத் தனியாகப் போட்டுக்கொள்ளும். போகும்போது அக்காவைப் பார்த்துக் கை தூக்கிவிட்டுப் போவார்கள், மாமாவை அல்ல. வளைந்த கையை நிமிர்த்த மாமா கடைசிவரை சம்மதிக்கவில்லை.

அந்தச் சமாசாரத்தைப் பற்றி அக்கா பேசி நான் கேட்டதில்லை. வெகு காலம் கழித்து ஒரு தரம், எப்படி அவ்வளவு உறுதியாக உட்கார்ந்திருந்தாய் என்று கேட்டேன். "உறுதியா? நீ வேற. எந்திரிக்கக் காலே வரல" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சொன்னபடி நான் இருப்பேன்னு ஒருத்தர் நம்பி எறங்கியிருக்காங்க. நடுவுல யாராவது புத்தி சொன்னா கேக்கலாமா" என்றாள்.

மாமா கடலில் சாகவில்லை. முழுகுவதையெல்லாம் விட்டு, படகையும் விற்று, வயசாகி, கடலூர் வீட்டில் படுக்கையில் ஒரு மத்தியானத்தில் அடங்கிப்போனார். காரியம் முடிந்ததும் அக்கா வீட்டைக் காலி செய்து மகளோடு போனபோது, பெட்டியும் உருளையும் யார் யாருக்கோ போயின. நங்கூரத்தை மட்டும் ஒரு வண்டி வைத்து என் வீட்டுக்கு அனுப்பினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. இப்போது என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் பக்கத்திலேயே கோபுரம் தெரிகிறது, நெல்மணியாக இல்லை, முழுசாக. பரங்கிப்பேட்டைக் கரையில் அந்த ஒற்றைப் பனை இல்லை. புயல் ஒன்றில் விழுந்துவிட்டது என்றார்கள்.

போன தையில் அக்கா வந்திருந்தாள். கண் சரியாகத் தெரிவதில்லை, சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் நடக்கிறாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் கொல்லைப் பக்கம் போனவள் வெகு நேரம் திரும்பவில்லை. போய்ப் பார்த்தேன். துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்து, நங்கூரத்தின் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியிருந்தாள். அன்றைக்குப் போலவே உதடு அசையவில்லை. நான் கதவோரமாகவே நின்றுவிட்டேன். என் காலடி கேட்டிருக்க வேண்டும். கண்ணைத் திறக்காமலே, "ஒண்ணுமில்ல தம்பி" என்றாள். "இழுக்குறாங்களான்னு பாத்தேன்."